ஒட்டுக்கு ஏது தீட்டு?

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஒருத்தியின் உழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவதற்கு ஒரு குரல் பதிவு போதும் என்று ஆகிவிட்டது. சத்யப்பிரியா வாயில் பிரஷ்ஷோடு தோட்டத்துப் பக்கம் நின்றபடி, குழுவில் வந்து விழுந்ததைத் தட்டினாள். ஸ்ரீதரின் குரல். மரியாதைக்குக் குறை வைக்க வேண்டாம், 'ர்' போட்டே சொல்வோம்: ஸ்ரீதர் பேசியிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். வர்ற ரிலீஸுக்கு சத்யப்பிரியா எழுதின பகுதியப் பாத்தேன். ஒரிஜினல்ல இருக்கற தப்புகூட அப்படியே இருக்கு. லீக் ஆன கோடப் பாக்காம இப்படி எழுதவே முடியாது. ஸோ அது தீட்டு. அவங்களும் தீட்டு. அந்தப் பகுதிய எடுத்துட்டு என்னோட பழைய பகுதியப் போட்டுடலாம். மத்தியானம் எல்லாரும் மாடிக்கு வந்துடுங்க, பேசி முடிச்சிடலாம்."

அவங்களும் தீட்டாம்! சொன்ன குரலில் ஒரு பிசிறு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு என்று சொல்வார்களே, அந்த மாதிரி சொல்லியிருந்தார். சத்யப்பிரியாவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது. வாயில் இருந்த நுரையைத் துப்பினாள். இன்னொரு தடவையும் துப்பினாள், இந்தத் தடவை வாயில் ஒன்றும் இல்லாமலே.

அம்மா லூர்தம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பெனி கேன்டீனில் வாரம் பூரா ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுகிறவள். ஞாயிறு ஒருநாள்தான் சொந்த வாய்க்கு ருசியாக ஆக்குவாள். கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"யார்டி அது? ஊர்ல மாடி வூட்டு ஸ்ரீதரா?"

"ஆமாம்மா."

"இன்னா சொன்னான்? இன்னொரு தபா போடு."

"வுடும்மா. அது கம்ப்யூட்டர் சமாச்சாரம்."

"கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்குடி தீட்டு? அது இன்னா வயசுக்கு வந்துட்ச்சா?"

சத்யப்பிரியாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது. ஆனால் லூர்தம்மாள் சிரிக்கவில்லை. "வாடகைக்கு வர்றவன்கிட்ட எந்த ஊருன்னு கேட்டுட்டு வுடாம, எந்தத் தெருன்னு கேக்கற வூடுடி அது. அவன் வாயில வேற இன்னா வரும்? உன்னை யாரு அவன் கூட சேர்ந்து ஓசி வேலை பாக்கச் சொன்னது?" என்றாள். கேட்டுவிட்டு மீனை ஒரே வெட்டாக வெட்டினாள்.

ஓசி வேலைதான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்த வேலை, எதற்காக என்று சொல்லாமல் போனால் இவள் ஆத்திரம் யாருக்கும் புரியாது.

சத்யப்பிரியாவுக்கு ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. லாரிக்கு பிரேக் டிரம் செய்கிற இடம். அங்கே டிரம்மின் உள்வட்டத்தை அளந்து பார்த்து 'சரி', 'தள்ளு' என்று சொல்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. வயசான மெஷின்தான், ஆனால் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது, ஒரு நாள் அளவு பிசகியதில்லை. வம்பு என்னவென்றால், அதை ஓட்டுகிற புரோகிராம் உலகம் முழுக்க விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், அதுவும் பழைய பதிப்பில் மட்டும்தான் ஓடும். பெரிய கம்பெனி பழசை எப்போதோ கைகழுவிவிட்டது. புதுசில் இந்தப் புரோகிராம் படுத்துக்கொள்கிறது. மெஷின் விற்றவனைக் கேட்டால், "புது மெஷின் வாங்கிடுங்க மேடம்" என்கிறான், என்னவோ செருப்பு அறுந்துபோனால் வேறு ஜோடி வாங்கச் சொல்வது போல. நன்றாக ஓடுகிற இரும்பை, அதன் தலையில் இருக்கிற கம்ப்யூட்டர் செத்தது என்பதற்காகப் பழைய இரும்புக்குப் போட வேண்டுமாம். என்ன நியாயம் இது? இந்தக் கோபத்தில்தான் அவள் 'ஒட்டு'க்கு வந்து சேர்ந்தாள்.

ஒட்டு என்பதும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது அது. மற்ற புரோகிராம் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்துதான் ஓடும். பெரிய கம்பெனியின் சிஸ்டத்துக்காக எழுதிய புரோகிராமைக் கொண்டுவந்து ஒட்டில் போட்டால், ஆள் மாறியதே தெரியாமல் அது பாட்டுக்கு ஓட வேண்டும். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிற மாதிரி, வேர் நம்முடையது, மேலே காய்ப்பது பங்கனப்பள்ளி. அதனால்தான் அந்தப் பெயர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி எழுதலாம். பூட்டும் கிடையாது, காசும் கிடையாது. ஆரம்பித்து வைத்தவர் ஸ்ரீதர். சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் உத்தியோகம், வேலை முக்கால்வாசி வீட்டிலிருந்தே. சும்மா சொல்லக் கூடாது, மூளைக்காரர்தான். சத்யப்பிரியாவின் ஊர்தான் அவருக்கும். ஏரிக்கு அந்தாண்டை ஊர், இந்தாண்டை காலனி. இவள் இந்தாண்டை.

திறந்த வீடு என்றாலும் ஒட்டுக்கு ஒரு கட்டளை உண்டு. பெரிய கம்பெனி பூட்டி வைத்திருந்த கோடு, அதாவது சிஸ்டத்தை எழுதிய மூல வரிகள், கொஞ்சம் வருஷத்துக்கு முன் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அது திருட்டுப் பொருள். அதைப் பார்த்தவர், அது சம்பந்தப்பட்ட பகுதியை ஒட்டில் எழுதவும் கூடாது, சரிபார்க்கவும் கூடாது. ஏனென்றால் பார்த்த கை தன்னை அறியாமல் அதையே எழுதும். நாளைக்குக் கோர்ட்டு கேஸு என்று வந்தால் எல்லாருடைய உழைப்பும் ஒரே நாளில் மூடு. வெளியே நின்றுகொண்டு ஒரிஜினலை என்ன வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், அது என்ன பதில் சொல்கிறதோ அதைப் பார்த்து எழுதலாம். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கட்டளை நியாயமானது. சத்யப்பிரியா அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

கட்டளைக்கு வைத்த பெயர்தான் கொடுமை. எட்டிப் பார்த்தவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஒட்டின் தமிழ் வேலைகளைப் பார்க்கிற சசிரேகா, 'கறை பட்டவர்' என்று எழுதி வைத்திருந்தாள். ஸ்ரீதர் அதை அடித்துவிட்டு 'தீட்டு' என்று போட்டார். "ஒரே வார்த்தை, பளிச்சுனு புரியுது பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சத்யப்பிரியா மட்டும், "சார், வேற வார்த்தை வையுங்க" என்றாள். அதற்கு அவர், "அட, ஒரு வார்த்தைக்குப் போயி... இதுல எதுக்கு அதெல்லாம் கொண்டாந்துகிட்டு?" என்றார். 'அதெல்லாம்' என்றால் எதெல்லாம்? கொண்டுவந்து வைத்தவர் அவர், கேட்ட இவள் கொண்டுவந்தவளாகிவிட்டாள். எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்.

இப்போது அந்தத் தப்புக்கு வருவோம். மெஷின் ஒவ்வொரு டிரம்மையும் அளந்து, எண்களை ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. ஒரு டிரம் போய் அடுத்தது வருவதற்குள் அந்தத் தொடர்பு கண்ணிமைக்கிற நேரம் அறுந்து போகும். அந்த நேரத்தில் புரோகிராம், "இன்னும் எத்தனை எண் பாக்கி?" என்று சிஸ்டத்தைக் கேட்கும். வயரே அறுந்து கிடக்கிறபோது நியாயமான பதில், "ஒன்றுமில்லை". ஒட்டு அப்படித்தான் சொன்னது. சொன்னதும் புரோகிராம் குப்புற விழுந்தது. பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் உயிரோடு இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெரிய கம்பெனியின் சிஸ்டம் பொய் சொல்கிறது! வயர் அறுந்த பிறகும் பழைய கணக்கையே ஒப்பிக்கிறது. மெஷின் புரோகிராம் எழுதினவன் அந்தப் பொய்யை நம்பியே எழுதி வைத்திருக்கிறான்.

இந்தத் தொழிலில் அப்படித்தான். ஒரிஜினலின் நல்லதை மட்டும் செய்தால் போதாது, தப்பையும் அச்சு அசலாகச் செய்ய வேண்டும். ஊரே கோணலாக நடந்து பழகிய பாதையில் நீ மட்டும் நேராக நடந்தால் இடித்துக்கொண்டு விழுவாய். சத்யப்பிரியா அந்தப் பொய்யை வேண்டுமென்றே எழுதிச் சேர்த்தாள். எழுதிய அன்று அந்தக் கிழட்டு மெஷின், ஒட்டின் மேல், ஒரு ஷிஃப்ட் முழுக்க 'சரி, சரி, தள்ளு, சரி' என்று ஓடியது. லைன் ஆட்கள் கைதட்டினார்கள். அவள் கழிவறைக்குப் போய்த் தனியாக அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அதைத்தான் இவர் தூக்கிப்போடப் போகிறார். இந்த ரிலீஸில், ஒட்டின் புதுப் பதிப்பில், போனால்தான் அது நாலு கம்பெனிக்குப் போய்ச் சேரும், அவள் பெயரோடு. 'தீட்டு' முத்திரை விழுந்துவிட்டால் பகுதியும் போச்சு, இனிமேல் ஒட்டில் அந்தப் பக்கம் அவள் ஒரு வரி எழுதவும் முடியாது.

"சோறு துன்னுட்டுப் போடி" என்று லூர்தம்மாள் கத்தினாள். இறங்கினால்தானே? சத்யப்பிரியா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கேதான் ஸ்ரீதர் வீட்டார், நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, கம்பெனி ஆட்களுக்காக மூன்று மாடி கட்டி ரூம் ரூமாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவர் முழுக்க யூனிஃபார்ம் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு ரூமில் வனமாமலை இருந்தான். நாங்குநேரிக்காரன், கார் கம்பெனி ஒன்றில் வேலை, ஒட்டுக் குழுவிலும் ஒருவன். சத்யப்பிரியாவோடு கூடமாட நின்று, அவளுடைய கம்பெனி அனுமதியோடு வந்து, வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தவன் அவன்தான். இவளைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தான்.

"கேட்டேன்க்கா. எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. நம்ம சோதிச்சது அம்புட்டும் வீடியோவா இருக்குல்லா? நான் காட்டுதேன் வாங்க."

"வூட்டுக்காரரு அவரு. ரூமக் காலி பண்ணச் சொல்லிடப் போறாரு வனமாமலை."

"சொன்னா சொல்லுதாரு. இருங்காட்டுக்கோட்டையில இவரு ஒருத்தர்ட்டதான் ரூம் இருக்காக்கும்?"

மாடியில் தகரக் கூரை போட்ட அறை. ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. ஸ்ரீதர் நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சசிரேகா. ஒட்டில் எதைச் சேர்ப்பதானாலும் எடுப்பதானாலும் இந்த இரண்டு பேரும் சம்மதம் என்று அமுக்கினால்தான் நடக்கும். ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இன்னும் சிலர் திரையில் தலை தலையாகத் தெரிந்தார்கள். சத்யப்பிரியா உட்காரவில்லை.

"இன்னா பாத்து சார் என்னை அப்படி சொன்னீங்க?"

"பர்சனலா எடுத்துக்காதீங்க சத்யப்பிரியா. ரூல் ரூல்தான்."

மற்ற எல்லாரும் அவருக்குத் தம்பி, பாப்பா. இவள் மட்டும் எப்போதும் முழுப்பெயர்.

"பேர சொல்லிதான சார் சொன்னீங்க? பேர சொன்னப்புறம் அது பர்சனல்தான்."

வனமாமலை குறுக்கே வந்து தன் போனை நீட்டினான். "அண்ணாச்சி, இதப் பாருங்க. வயர் இருக்கு, கேக்கோம், கணக்கு வருது. இந்தா புடுங்கியாச்சு. இப்பவும் கேக்கோம். பாத்தீயளா, அதே கணக்கு. வெளிய நின்னே தெரியுது. இதுக்கு எதுக்கு உள்ள எட்டிப் பாக்கணும்?"

ஸ்ரீதர் ஒரு பார்வை பார்த்தார். போனைக் கையில் வாங்கவில்லை.

"சரி, தப்பு வெளிய தெரியும். ஒத்துக்கறேன்."

"காலையில அந்தத் தப்ப வெச்சிதான தீட்டுன்னீங்க?" என்றாள் சத்யப்பிரியா.

"அது மட்டும் இல்லங்க. உள்ள எழுதியிருக்கற வரிசை. முதல்ல எண்ணறீங்க, எண்ணினத எடுத்துத் தனியா வெக்கறீங்க, கடைசிலதான் வயர் இருக்கா இல்லையான்னு பாக்கறீங்க. அதே வரிசை. தப்ப வெளில இருந்து பாக்கலாம், வரிசைய எப்படிப் பாப்பீங்க?"

பார்த்தீர்களா? ஒரு காரணம் உடைந்ததும் இன்னொன்று தயார். குற்றம் சாட்டுவது என்று முடிவு பண்ணிவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்?

சசிரேகா தரையைப் பார்த்துக்கொண்டு, "கேஸு கீஸுன்னு வந்துட்டா எல்லாருக்கும் கஷ்டம் சத்யா. இந்தத் தடவை மட்டும் அண்ணா சொல்றபடி..." என்று இழுத்தாள். கை லேப்டாப் பக்கம் போனது. அவளும் அமுக்கிவிட்டால் தீர்ந்தது கதை.

"சசி, கைய எடு. நான் இன்னும் பேசி முடிக்கல." சத்யப்பிரியாவின் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "சார், சோறாக்கணும்னா உலை வெச்சிட்டுதான் அரிசி போடணும். உங்க வூட்லயும் அப்படித்தான், எங்க வூட்லயும் அப்படித்தான். அதுக்காக எங்கம்மா வந்து உங்க வூட்டு அடுப்ப எட்டிப் பாத்துட்டா கத்துக்கிச்சு? வயர் அறுந்தப்புறமும் பழைய கணக்கு வரணும்னா, முதல்ல எண்ணி வெச்சிக்கினு கடைசிலதான் வயரப் பாக்கணும். வேற வழி கீதா? இருந்தா சொல்லுங்க, மாத்தி எழுதித் தரேன்."

வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வந்தது. அடுப்பை எட்டிப் பார்த்த பேச்சு வேறு எங்கேயோ போய்க் குத்தியிருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது.

"சும்மா கத்தினா ஆச்சா? எண்ணினத வெக்கறதுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கீங்க இல்ல? அதுல கடைசில ஒரே ஒரு கட்டம் காலியா விட்டிருக்கீங்க. அந்தக் கம்பெனிக்காரங்களும் அதே மாதிரி ஒரு கட்டம் காலியா விட்டிருக்காங்க. அது வெளில எங்கயும் தெரியாது. வரிக்கு வரி நான் பக்கத்துல வெச்சிப் பாத்தேன். சும்மா ஒண்ணும் சொல்லல!"

சத்யப்பிரியா பதிலுக்குக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அந்தக் காலிக் கட்டம், எண்கள் வழிந்து விடாமல் இருக்க எந்த மெக்கானிக்கும் விடுகிற இடைவெளி என்று சொல்லப் போனாள். சொல்லவில்லை. திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் என்ன சொன்னார்?

"சார்," என்றாள். இப்போது குரலில் சத்தமே இல்லை. "எது பக்கத்துல வெச்சிப் பாத்தீங்க?"

"என்னது?"

"என்னுத வரிக்கு வரி, எது பக்கத்துல வெச்சிப் பாத்தீங்க? அவங்க ஒரு கட்டம் காலியா வுட்டிருக்காங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். திரையில் இருந்த தலைகள் எல்லாம் கிட்டே வந்தன. சசிரேகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது... பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்" என்றார் ஸ்ரீதர்.

"பொதுவா எங்கன தெரியும் அண்ணாச்சி? பஸ் ஸ்டாண்டு செவுத்துல எழுதிப் போட்டிருக்கா?" என்றான் வனமாமலை.

"தம்பி, நீ சும்மா இரு. லீக் ஆனப்போ எடுத்து வெச்சேன். அப்போ எல்லாரும்தான் பாத்தாங்க. ஒரு ஆர்வம். நேத்து சும்மா ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மறுபடியும் எடுத்தேன். ஒட்டப் பாதுகாக்கறதுக்காகத்தான பண்ணேன்?"

சசிரேகா மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, உங்க பழைய பகுதின்னு ஒண்ணு போடப் போறோமே, சத்யாவோடத எடுத்துட்டு. அத எழுதினது லீக்குக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எந்த மாதம் எழுதியது என்று லேப்டாப்பிலேயே நிற்கிறது. சசிரேகா பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்புறம்தான்" என்றாள்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? கசிந்ததை வீட்டில் எடுத்து வைத்துப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது சுத்தமாம். எதையும் பார்க்காமல், வயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை தேய்ந்து எழுதியது தீட்டாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

"நான் பாத்தது வேற" என்றார் ஸ்ரீதர். இப்போதும் விடவில்லை மனிதர். "பொறுப்புல இருக்கறவன் நான். எத எடுக்கணும், எத விடணும்னு எனக்குத் தெரியும். நான் எழுதினது என் மண்டைல இருந்து."

"நான் மட்டும் இன்னா கால்ல இருந்தா எழுதினேன்?" சத்யப்பிரியா மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். "பாத்தீங்களா சார்? நீங்க பாத்தா ஆர்வம். நான் பாக்காமயே பாத்தவ. கேக்கக்கூட இல்ல நீங்க. ஒரு போன் போட்டு, 'நீ பாத்தியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? காலங்காத்தால குழுவுல போட்டு வுட்டீங்க. எனக்குன்னா கேக்க வேணாம், இல்ல? பாத்திருப்பான்னே தோணும்."

ஸ்ரீதர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர்களும்தான் கேட்கவில்லை.

சசிரேகா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். சத்யப்பிரியாவின் பகுதிக்கு 'வைத்துக்கொள்ளலாம்' என்று அமுக்கினாள். ஸ்ரீதரின் பழைய பகுதிக்கு 'எடுத்துவிடலாம்' என்று அமுக்கினாள். "அண்ணா, உங்களுது" என்று அவர் பக்கம் தள்ளினாள்.

"யோசிச்சிப் பண்ணலாமே. அடுத்த வாரம்..."

"யோசிக்க இன்னா கீது சார்?" என்றாள் சத்யப்பிரியா. "என்னை எடுக்கறதுக்கு யோசிச்சீங்களா?"

திரையில் இருந்த ஒருவரும் அவருக்காக வாயைத் திறக்கவில்லை. ஸ்ரீதர் அமுக்கினார். இரண்டையும் அமுக்கினார். அவளுடைய பகுதி நின்றது, அவருடையது போனது.

அப்போதுதான் திரையில் ஓசூர்க்காரர் ஒருவர், இறுக்கத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, "அப்போ நம்ம ஸ்ரீதர் சாரும் தீட்டா?" என்றார். குபீர் என்று சிரிப்பு. வனமாமலை தொடையில் தட்டி, "சாரும் என்னங்க, அண்ணாச்சிதான் முதல் தீட்டே!" என்றான். சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. முதல்முறை அந்த வார்த்தைக்குச் சிரித்தார்களே, அதே சிரிப்பு, அதே ஆட்கள். ஆள்தான் மாறியிருந்தது.

ஸ்ரீதர் சத்யப்பிரியாவைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீயும் சொல்லிடு" என்றார். 'நீங்க' எங்கேயோ போய்விட்டது. பட்டணத்துப் பேச்சும் கூடவே போய்விட்டது. "சொல்லணும்னுதான காத்துக்கினு கீற? சொல்லு."

பொய் சொல்வானேன், அது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை தலைமுறையாகத் திருப்பித் தராமல் கிடந்த வார்த்தை அது! ஏரிக்கு அந்தாண்டையிலிருந்து இந்தாண்டைக்கு மட்டுமே வந்த வார்த்தை. அதைத் தூக்கி அவர் மூஞ்சியில், அவர் வீட்டு மாடியிலேயே, அவர் ஆட்கள் முன்னாலேயே வீசுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? இனிக்கும், நிச்சயமாக இனிக்கும். ஆனால் உச்சரிக்கப் போகையில் அருவருப்பாக இருந்தது. எவனோ மென்று துப்பியதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வதா?

"வனமாமலை, சிரிக்காத" என்றாள். "சார் நீங்களும்தான், ஓசூர் சார், சிரிக்காதீங்க. யாரையும் அந்த வார்த்தை சொல்லாதீங்க."

சிரிப்பு அடங்கியது. அவள் ஸ்ரீதர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்தவரு. அவ்ளோதான். பாத்தவரு அந்தப் பக்கம் எழுதக் கூடாது, சரிபாக்கக் கூடாது. நாளைக்கு நானே பாத்துட்டாலும் எனக்கும் அதே ரூலுதான். அதுக்கு மேல உங்கள நான் எதுவும் சொல்ல மாட்டேன். பாவம் பாத்து வுடறேன்னு நெனச்சிக்காதீங்க. பாவம்லாம் இல்ல. எனக்கு வர்ற கோபத்துக்கு இந்தத் தகரத்தப் பிச்சி எறிஞ்சிருப்பேன். ஆனா அந்த வார்த்தை எங்க வூட்ல பொறக்கல சார். உங்க வூட்ல பொறந்தது. எங்க மேல எறியறதுக்குன்னே பொறந்தது. அத என் வாயில எடுத்து உங்களுக்குத் திருப்பித் தர்றதுக்கு நான் ஆள் இல்ல. கொண்டாந்து வெச்சவரு நீங்க, நீங்களே எடுங்க."

லேப்டாப்பில் கட்டளைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்ததிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தாள்.

ஸ்ரீதர் யாரையும் பார்க்கவில்லை. அந்த வார்த்தை இருந்த இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மூன்றே எழுத்து. அழித்து முடித்ததும் லேப்டாப்பை மூடப் போனார்.

"'சேமி'ன்றத அமுக்குங்க சார்" என்றாள் சத்யப்பிரியா. "அமுக்கலன்னா அப்படியே திரும்பி வந்துரும்."